தங்கைக்காக வைத்த விரல்

காலை ஆறரை மணிக்கு, தேயிலைத் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், கணக்கெழுதும் கிராணி ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் கறுப்புப் பெட்டிக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். பெட்டியின் கண்ணாடியில் பெருவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும், பெயர் வரும், குருவி கத்துவதுபோல ஒரு சத்தம் கேட்கும். அன்றைக்கு வேலைக்கு வந்ததாக அர்த்தம். வங்காளதேசத்து ஆட்களுக்கு எரியும். நேற்று வந்த நேப்பாளக்காரருக்கும் எரியும். பவளத்துக்கு மட்டும் சிவப்பு. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாலும் சிவப்பு, ஊதிவிட்டு வைத்தாலும் சிவப்பு.

"பேரு இருக்கு, ஆளுதான் இல்ல" என்பார் வேலை வாங்கும் மண்டோர் திருச்செல்வம், நோட்டில் கையால் குறித்துக்கொண்டே. "செத்துப்போயி ஆவியா வந்து கொழுந்து எடுக்கிறியா பவளம்?"

"ஆவிக்கு ஓவர்டைம் உண்டா மண்டோரே?"

வரிசை சிரிக்கும். பவளமும் சிரித்துக்கொண்டே கூடையை எடுத்து மாட்டுவாள். பெட்டி வந்து மூன்று வருஷம் ஆகிறது. மாட்டிய அன்றைக்கு, தீபாவளி லீவு முடிந்து வந்திருந்த அவள் விரலை இருபது தடவை வைக்கச் சொல்லி ஒருவழியாகப் பதிந்துகொண்டார்கள். அதற்கப்புறம் ஒரு நாள்கூட அது அவளை அடையாளம் கண்டதில்லை. பேங்கிலும் அதே கதைதான். விரலை வைப்பாள், வராது, ஒரு பாரத்தை நீட்டுவார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள்.

அவளுக்கு இதில் வருத்தம் எதுவும் இருந்ததில்லை. பதின்மூன்று வயதில் கூடை மாட்டியவள். இப்போது ஐம்பத்தைந்து. சமமான காட்டில் கத்திரியும் மெஷினும் வந்துவிட்டன. ஆனால் கால் வைத்தால் சறுக்குகிற ஏத்தக்காட்டில் இன்றைக்கும் கையால்தான் எடுக்க வேண்டும். கொழுந்தை நகத்தால் கிள்ளக்கூடாது, கிள்ளினால் காம்பு கறுத்துவிடும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டி ஒடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை என்று யார் எண்ணியது. நாற்பத்திரண்டு வருஷ உருட்டலில் வலது பெருவிரல் ஆற்றுக் கூழாங்கல்போல வழவழவென்று ஆகிவிட்டது. வெடிப்புகளில் கொழுந்துக் கறை மட்டும் கறுப்பாக நிற்கும். இடது பெருவிரலில் குறுக்கே கத்திரி வெட்டிய தழும்பு. அது இன்னும் மோசம்.

மார்ச் மாதத்தில் ஒரு பகல் பஸ்ஸில், மலைமேல் உள்ள தானா ராத்தா டவுன் ஸ்டேஷனில் புனிதா வந்து இறங்கினாள்.

பவளமும் புனிதாவும் இரட்டைப் பிள்ளைகள். பவளம் கால் மணி நேரம் முந்திக்கொண்டதால் அக்கா. சின்ன வயதில் அப்பா வீரப்பனுக்கே யார் எவள் என்று தெரியாது. குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். பத்தொன்பது வயதில் புனிதா கல்யாணம் ஆகிக் கீழே, பஸ் போகாத ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போனாள். பிள்ளை இல்லை. புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். இப்போது பஸ்ஸிலிருந்து இறங்கியவளைப் பவளத்தின் மகள் விக்னேஸ்வரி தாண்டியே போய்விட்டாள். முகம் வீங்கி, கண்ணிரண்டும் கோடாகி, செருப்புக்குள் அடங்காத பாதத்தோடு ஒரு பெண் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மலையில் காய்ந்து கறுத்த பவளத்தையும் அவளையும் பக்கத்தில் நிறுத்தினால் இரட்டை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் கழுவ வேண்டும். கீழே உள்ள சென்டரில் இடத்துக்குப் பெயர் எழுதிப் போடலாம், சீக்கிரம் கிடைக்கவும் வாய்ப்பு இருக்கிறது. மூச்சு முட்டி வந்தால் அவசரத்துக்கு ஒரு தடவை இரண்டு தடவை பார்ப்பார்கள், அதையே நம்பி உட்கார முடியாது. எல்லாம் சொல்லிவிட்டு, ஐசி கொடுங்கள் என்றார்.

புனிதா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது பிளாஸ்டிக் உரிந்த பழைய ஐசி. பன்னிரண்டு வயதில் எடுத்த அடையாளக் கார்டு. சில்லு வைத்த புதிய கார்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"மாத்தவே இல்லியா சித்தி?" என்றாள் விக்னேஸ்வரி.

"கார்டு மாத்திக் குடுக்கிற லோரி தோட்டத்துக்கே வரும்னாங்க. வரல. உங்க சித்தப்பா அடுத்த வருஷம் போலாம் அடுத்த வருஷம் போலாம்னாரு. அந்தக் காட்டுக்குள்ள யாரு லா ஐசி கேக்குறா? பனைக்குலையா கேக்கும்?"

புதிய கார்டு இல்லாமல் பெயர் எழுத முடியாது என்றார்கள். மூவரும் பதிவு ஆபீசுக்குப் போனார்கள்.

கவுன்டரில் இருந்தவர் குணாளன். திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழ்க்காரர் என்றதும் பவளத்துக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. அவர் பழைய கார்டின் எண்ணைத் தட்டினார். பக்கத்தில் கண்ணாடி வைத்த சின்னக் கருவியைக் காட்டி, வலது பெருவிரல் என்றார். புனிதா வைத்தாள். அவளுடைய விரல் வீங்கியிருந்தாலும் ரேகை தெளிவாக விழுந்தது. பவளம் அதைப் பொறாமையோடு பார்த்தாள். குணாளன் திரையைப் பார்த்தார். இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். பிறகு இடது விரல். பிறகு மறுபடி வலது.

"ஆன்ட்டி, இது உங்க ஐசிதானா?"

"என்னோடதுதான் சார். பேரு புனிதா, அப்பா பேரு வீரப்பன். படத்தைப் பாருங்க."

"படம் பன்னெண்டு வயசுல எடுத்தது. முகம் மாறிடும். ரேகை மாறாது." திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "அப்போ பேப்பர்ல மை வச்சு எடுத்த ரேகைய இதுல ஏத்தி வச்சிருக்காங்க. அதுல சுழி இப்படி வட்டமா இருக்கு. உங்களோடது ஒரு பக்கமா சாஞ்சு போகுது. இது வேற ஆளு."

புனிதா திரையைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பி, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காளைப் பார்த்தாள்.

பவளம் தரையைப் பார்த்தாள்.

"அடுத்தவங்க ஐசிய வச்சிருந்தா அது கேஸ் ஆன்ட்டி. பயமுறுத்தல. இதை நான் இங்க வச்சுக்கணும். யாரோட கார்டுன்னு யோசிச்சு வந்து சொல்லுங்க." பழைய கார்டை ஒரு உறைக்குள் போட்டார். பதிலுக்கு ஒரு சீட்டைக் கொடுத்தார்.

யோசிக்க எதுவும் இல்லை. திரையில் இருந்த அந்த வட்டச் சுழி பவளத்துக்கு நன்றாகத் தெரியும். நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அது அவளுடைய கையில் இருந்தது.

அந்த வருஷம் ஐசி எடுப்பவர்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்கள். ஒரே ஒரு நாள். பன்னிரண்டு வயது ஆன பிள்ளைகள் எல்லாம் தலை சீவி, பவுடர் பூசி வந்து நிற்க வேண்டும். புனிதாவுக்கு அன்றைக்கு எட்டாம் நாள் காய்ச்சல். கண்ணைத் திறக்க முடியாமல் கட்டிலில் கிடந்தாள். வீரப்பன் காலையில் பவளத்தைப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் கூட்டிப்போய்ப் படம் எடுத்து, விரல் வைத்து, வேலையை முடித்தார். வீட்டுக்கு வந்ததும் அவளுடைய சடையைப் பிரித்துவிட்டார். புனிதாவின் மஞ்சள் கவுனை எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"தப்பில்லியாப்பா?" என்று கேட்டாள் பவளம்.

"என்னா தப்பு? ஒரே வயித்துல ஒரே நேரத்துல கெடந்தீங்க. மூஞ்சி ஒண்ணு, மூக்கு ஒண்ணு. ரேகை மட்டும் தனித்தனியாவா போட்டு அனுப்பியிருப்பான்?"

அவர் ஏமாற்றவில்லை. அவர் அதை அப்படியே நம்பினார். பிள்ளைக்கு ஐசி இல்லாமல் போய்விடக்கூடாது என்பதுதான் அவருக்குக் கவலை. பகலில் மறுபடி வரிசையில் நின்றார்கள். மேசைக்குப் பின்னாலிருந்த மலாய்க்காரர் நிமிர்ந்து பார்த்து, "கெம்பார்?" என்று கேட்டார். இரட்டையா என்று அர்த்தம். வீரப்பன் பெருமையோடு தலையை ஆட்டினார். பெயர் என்ன என்று அவளிடம் கேட்டபோது, புனிதா என்று சொல்லிவிட்டு, மையில் தோய்ந்த அதே விரலை இரண்டாம் தடவையும் வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா அவளுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். அதில் பாதியைக் கட்டிலில் கிடந்தவளின் தலைமாட்டில் வைத்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஒன்பது நாள் பவளம் வாயைத் திறக்கவில்லை.

சொல்ல வேண்டும் என்றுதான் ஒவ்வொரு காலையும் எழுந்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்ததும் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பொய் விரல் வைத்தவளை என்ன செய்வார்கள்? தன் ஐசியைப் பிடுங்கிக்கொண்டால்? அந்த ஐசியைக் காட்டித்தான் விக்னேஸ்வரிக்குப் பிறப்புச் சூராட்டுப் பத்திரம் எடுத்தது. அம்மா யார் என்றே சந்தேகம் வந்தால் மகள் யார் ஆவாள்? இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக இழுத்துக்கொண்டு போகும்போது கொழுந்து கூடை தவறி விழும். மண்டோர் கத்துவார். வீட்டுக்கு வந்தால் புனிதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். படுத்தால் மூச்சு வருவதில்லை அவளுக்கு. ஒரு நாள் மத்தியானம் நெஞ்சில் நீர் ஏறி, உதடு நீலமாகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் ஒரு தடவை கழுவிக் கொண்டுவந்தார்கள்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விக்னேஸ்வரி தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பவளம் கதவுப்பக்கம் நின்றுகொண்டு, யாரையும் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

விக்னேஸ்வரியின் கத்தி நின்றது. "பத்து நாளா தெரியுமாம்மா உனக்கு? சித்தி மூச்சு விட முடியாம உக்காந்திருக்காங்க. நீ தெனமும் கூடைய மாட்டிக்கிட்டுப் போயிட்டு வந்தியா?"

"விடு விக்னா" என்றாள் புனிதா. "எனக்கும் தெரியும்."

"என்னா தெரியும்?"

"காய்ச்சல்தான் அடிச்சுது, கண்ணு அவிஞ்சா போச்சு? அப்பா இவ சடையப் பிரிச்சதக் கட்டில்லேருந்து பாத்தேன். என் மஞ்சக் கவுனப் போட்டுக்கிட்டு மைக் கையோட வந்தா. நான்தான் வெரலே வைக்கலியே, எனக்கு எப்படி ஐசி வரும்?" மூச்சு வாங்க நிறுத்தி, பவளத்தைப் பார்த்தாள். "அக்கா சொல்லட்டும்னு இருந்தேன். நான் சொன்னா உன்னைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆவும். நீ சொன்னாத்தான் நல்லாருக்கும்."

பவளம் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கையின் வீங்கிய பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அமுக்கிய இடத்தில் விரல் குழி அப்படியே நின்றது.

மறுநாள் குணாளன் முழுக்கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார், "உங்கப்பா நெனச்சது தப்பு ஆன்ட்டி. இரட்டைப் பிள்ளைங்களுக்கும் ரேகை வேறதான். வயித்துக்குள்ள கை எங்க பட்டுச்சு, எப்படித் திரும்பிச்சுங்கிறதுலயே மாறிடும். சரி, நீங்க வைங்க. ஐசியில இருக்கிறது உங்க ரேகைன்னா மெஷினே சொல்லும். அப்பறம் மேல எழுதலாம்."

பவளம் வைத்தாள். சிவப்பு.

துடைத்து வைத்தாள். சிவப்பு. குணாளன் ஈரத் தாள் கொடுத்தார், பிறகு காய்ந்த தாள் கொடுத்தார். அவளுடைய விரலைத் தானே பிடித்து அழுத்தினார். திரையில் ஒரு சாம்பல் நிறக் கறை மட்டும் வந்தது. அதில் ஒரு கோடும் இல்லை.

பெரட்டுக் களத்தில் சிரித்த சிரிப்பெல்லாம் பவளத்துக்கு அந்த நிமிஷம் நினைவுக்கு வந்தது. பொய்யை வைத்தபோது விரலில் ரேகை இருந்தது. உண்மையைச் சொல்ல வந்தபோது விரல் வெறும் சதையாக இருக்கிறது.

"சார், சத்தியமா நான்தான் வச்சேன்."

"நான் நம்புறேன் ஆன்ட்டி. நான் நம்பி என்ன பண்றது? மேல இருக்கிறவங்க இப்படித்தான் கேப்பாங்க: காட்டுக்குள்ளேருந்து யாரோ ஒரு பொம்பள வந்தா, இன்னொரு பொம்பள அது என் தங்கச்சின்னு சொன்னா, கார்டு குடுத்துடுறதா?" அவர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே யோசித்தார். "கொழுந்து எடுக்குறீங்களா? எத்தனை வருஷமா? ரேகை எங்கயும் போகல ஆன்ட்டி. மேல்தோல்தான் தேஞ்சிருக்கு. கைக்கு வேலை குடுக்காம விட்டா அடியிலேருந்து அதே ரேகை ஏறி வரும். நாலு வாரம் விட்டுட்டு வாங்க."

"நாலு வாரத்துல வந்துடுமா?"

"வரலாம். சில பேருக்கு வந்திருக்கு."

நாலு வாரம் தங்கை தாங்குவாளா என்று அவரிடம் கேட்க முடியாது. எழுந்து வந்தார்கள்.

மண்டோர் திருச்செல்வம் முதலில் கேலி என்று நினைத்தார். "வெரலு வளர லீவா? நான் இத்தன வருஷத்துல பிள்ள பெத்துக்கத்தான் லீவு குடுத்திருக்கேன்." பவளம் சிரிக்காததைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "ஒரு மாசம் நான் மேனேஜர்கிட்ட சொல்லிச் சமாளிக்கிறேன். அதுக்கு மேல சுசா, கஷ்டம். லயத்து வீடு வேலை செய்யறவங்களுக்குத்தான். உனக்குத் தெரியாததில்ல."

பதின்மூன்று வயதிலிருந்து சும்மா இருந்தறியாத கைகள். அவற்றை என்ன செய்வது என்று பவளத்துக்குத் தெரியவில்லை. விக்னேஸ்வரி தினமும் காலையில் சமைத்து வைத்துவிட்டுத்தான் பூத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள். பாத்திரம் தொடக்கூடாது, துணி தொடக்கூடாது, சோப்பே ஆகாது. காலையும் மாலையும் தேங்காய் எண்ணெய் தடவி, கைக்குப் பழைய காலுறையை மாட்டிவிட்டாள். காலுறை மாட்டிய இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பவளம் வாசலில் உட்கார்ந்திருப்பாள். எதிரே மலைச்சரிவில் கொழுந்து முற்றிக்கொண்டிருக்கும். கை பரபரக்கும்.

"குத்துச்சண்டைக்குப் போற மாதிரியே இருக்கே" என்றாள் புனிதா.

"யாரோட?"

"பெட்டியோடதான்."

வெள்ளிக்கிழமைதோறும் விக்னேஸ்வரியின் கண்மையைப் பெருவிரலில் தடவி, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் ஒரு ஒற்று ஒற்றிப் பார்த்தார்கள். முதல் வெள்ளி வெறும் கறுப்பு அப்பல். இரண்டாம் வெள்ளியும் அப்பல்தான், ஆனால் ஓரத்தில் ஊசிமுனையில் குத்தியதுபோல நாலைந்து புள்ளிகள். புள்ளிகளை மூன்று பேரும் மாறி மாறி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். மூன்றாம் வெள்ளி விரலின் ஒரு பக்கத்தில் கொசுவலை நூல்போல வளைவாக மூன்று கோடுகள் விழுந்தன. விக்னேஸ்வரி அந்தத் தாளைச் சாமி படத்துக்குக் கீழே செருகி வைத்தாள்.

அந்த மூன்று கோடுகள் வருவதற்குள் புனிதாவை இன்னும் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை டாக்டர் விக்னேஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவள் வெளியே வந்து சித்தியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். வாடகைக் காரில் கோலா தெர்லாவிலிருந்து இறங்கிய முட்டைக்கோஸ் லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும்போது, "இன்னும் எத்தனை நாள்மா இருக்கு?" என்றாள். அவள் கேட்டது விரலுக்குக் குறித்த நாளைத்தான். பவளத்துக்கு அது வேறு மாதிரியும் கேட்டது.

கடைசி வாரத்தில் ஒரு பகல். குளிக்கிற இடத்தில் பாசி பிடித்த சிமெண்டுத் தரையில் புனிதாவின் கால் சறுக்கியது. பவளம் எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் நின்றாள். பக்கத்தில் சொரசொரப்பான கல்சுவர். தங்கையைப் பிடித்தால் கை அந்தச் சுவரில் உரசும். பவளம் தன் விரலைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கையை நீட்டினாள். கண் இமைக்கிற நேரம்கூட இல்லை அது. புனிதா முழங்கால் குத்தி விழுந்துவிட்டாள்.

தூக்கி உட்காரவைத்தபோது புனிதா அக்காளின் கையைத்தான் முதலில் திருப்பிப் பார்த்தாள். "வெரலு பத்திரமா?"

பவளம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழுவாத லா. நான் பாத்தேன். நானா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன்" என்றாள் புனிதா. முழங்காலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

குறித்த நாளில் ஆபீசுக்குப் போனபோது புனிதா நாலு படிக்கு ஒரு தடவை நின்று ஏறினாள். குணாளன் இந்தத் தடவை கண்ணாடிக் கருவியை நம்பவில்லை. அலமாரியிலிருந்து பழைய மைப்பலகை ஒன்றை எடுத்து வைத்திருந்தார். "பேப்பர்ல எடுத்த ரேகைய பேப்பர்லயே பிடிப்போம்" என்றார். ஆனால் மையைத் தொடுவதற்கு முன்னால் கையை மேசைமேல் வைத்து நிறுத்தினார்.

"ஆன்ட்டி, ஒண்ணு சொல்லணும். நீங்க வெரலு வைக்கிறதுக்கு முன்னாலயே சொல்லணும். உங்க பழைய ஐசி ரேகையையும் நான் எடுத்துப் பாத்தேன். உங்க கார்டுலயும் தங்கச்சி கார்டுலயும் ஒரே ரேகை. அது யாரோட விரல்னு நீங்க வச்சாத்தான் தெரியும். இப்ப நீங்க வச்சு அது பொருந்துச்சுன்னா, ரெண்டு ஆளுக்கும் ஒரே விரல்னு ஆயிடும். ரெண்டு ஃபைலையும் நிறுத்தி மேல அனுப்பணும். உங்க சில்லு வச்ச மைகார்டையும் நான் வாங்கி வைக்கணும். விசாரணை முடிஞ்சுதான் திரும்ப வரும்."

"எவ்வளவு நாளாகும்?"

"சொல்ல முடியாது. நீங்க இப்பவே எந்திரிச்சுப் போயிட்டா நான் எதுவும் பாக்கல. உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

"பொருந்துச்சுன்னா இவளுக்கு?"

"விசாரணையில இருக்குன்னு ஒரு கடுதாசி குடுப்பேன். சென்டர்ல கேட்டேன். அந்தக் கடுதாசி இருந்தா பேர் எழுதிக்கிறோம்னாங்க. இடம் குடுக்கிறது அவங்க கையில."

"அக்கா, வா போலாம்" என்றாள் புனிதா. எழுந்திருக்கவும் பார்த்தாள். நாற்காலியின் கையை ஊன்றியவளால் முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த உட்கார்ந்த விதத்தைப் பார்த்தபின் பவளத்துக்கு யோசிக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

பெருவிரலை நீட்டினாள். குணாளன் அதைப் பிடித்து மையில் புரட்டி, வெள்ளைத் தாளில் நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாக உருட்டினார். எடுத்தார். பாதி அழிந்தாற்போல, நடுவில் கொஞ்சம் வெளிறி, ஆனால் வட்டமாக, பன்னிரண்டு வயதுச் சுழி அங்கே இருந்தது. அவர் அதைக் கணினியில் ஏற்றி, பெரிதாக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கோடாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். உள்ளே போய் ஒரு மலாய் அதிகாரியைக் கூட்டிவந்தார். அவரும் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பொருந்துது ஆன்ட்டி."

விக்னேஸ்வரி முகத்தை மூடிக்கொண்டாள். பவளம் இடது கையால் பையைத் திறந்து தன் கார்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"வாக்குமூலம் எழுதணும். பேர் சொல்லுங்க" என்றார் குணாளன்.

பவளம் வாயைத் திறந்தாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்து மேசைக்கு முன்னால் மஞ்சள் கவுனில் நின்றபோதும் பெயரைத்தான் கேட்டார்கள். விரலில் அதே மை. இப்போது எந்தப் பெயரைச் சொன்னாலும் மேசைக்கு அந்தப்பக்கம் பொய்யாகத்தான் கேட்கும் என்று தோன்றியது. கடைசியில், "பவளம்" என்றாள். "வீரப்பன் மகள்."

கடுதாசியின் அடியில் புனிதா விரல் வைக்க வேண்டியிருந்தது. அரசாங்கத்துக் காகிதத்தில் அவள் தன் விரலை மையில் வைப்பது அதுதான் முதல் தடவை. வீங்கிய விரலை வைத்துவிட்டு எடுக்காமல் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே இருந்தாள். போதும் ஆன்ட்டி என்று குணாளன் சொல்ல வேண்டியதாயிற்று. கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். மேலிருந்து கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவர்கள் முன்னால் மறுபடி விரல் வைக்க வேண்டும். அதுவரைக்கும் இந்த ரேகை இப்படியே இருக்க வேண்டும். அழிந்துபோனால் எல்லாம் முதலிலிருந்து.

மறுநாள் காலை பவளம் பெரட்டுக் களத்துக்குப் போனாள். ஒரு மாசக் கெடு அன்றோடு முடிகிறது. பழக்கத்தில் வரிசையில் நின்றாள், பழக்கத்தில் கண்ணாடியில் விரலை வைத்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது. பெயர் வந்தது. குருவி கத்தியது.

வரிசை மொத்தமும் கை தட்டியது. "ஆவிக்கு உயிர் வந்துடுச்சு" என்றார் மண்டோர். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். "வா வா, ஏத்தக்காட்டுல கொழுந்து முத்திக் கெடக்கு. உன் கையிக்குத்தான் காத்திருக்கு."

பவளம் கூடை அடுக்கியிருந்த இடம் வரைக்கும் போனாள். அவளுடைய கூடை, வார் பிய்ந்து நைலான் கயிறு கட்டியது, அடியில் கிடந்தது. குனிந்து தொடப்போன கையை இழுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"எனக்கு வேலை வேணாம் மண்டோரே. இன்னைக்கும் வேணாம், நாளைக்கும் வேணாம்."

"பவளம், லயத்தத் திரும்பக் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"எங்க போவ?"

பவளம் திரும்பினாள். சுருட்டிய முந்தானைக்குள் பெருவிரலை உள்ளங்கையில் மடக்கிப் பொத்திக்கொண்டு, கொழுந்துக்குப் போகிறவர்களுக்கு எதிர்ப்பக்கமாக, சென்டரிலிருந்து போன் வந்தால் எடுக்க ஆள் வேண்டும், விக்னேஸ்வரி வேலைக்குக் கிளம்புவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று வேகமாக நடந்தாள்.